இலக்கத் தகடு இல்லாத வெள்ளைக் கார்

மங்கரே
ஒக்லாந்து, நியூசிலாந்து
5 பெப்ரவரி 2025

அன்பும் மதிப்பும் உள்ள மணியம் அண்ணைக்கு,

இங்கு நானும் இராசமலரும் நலம். நீங்களும் அன்னம்மா அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கராஜில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டு வந்ததற்கு முதலில் வருத்தம் தெரிவிக்கிறேன். அக்கா ஊற்றி வைத்த தேத்தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. அப்படி வந்தது பிழை. ஆனால் அந்தக் காரை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று நான் சொன்னது பிழை இல்லை. ஃபோனில் கதைத்தால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நானும் போடுவேன். உங்கள் மகளும் என் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு யாருடைய அப்பா சரி என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது சத்தம் வராது.

அண்ணை, பிள்ளைகளின் கல்யாணம் முடிந்த கையோடு நாங்கள் தொடங்கிய வேலை இது. இங்கிலாந்தில் இருந்து பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்த காரை இரண்டு பேரும் ஐந்து வருஷம் இருந்து பூட்டினோம். இனிப் பரிசோதனைகள்தான் மிச்சம். முதலில் பென்ரோஸில் சான்று கொடுக்கிறவர் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் அரசுப் பரிசோதனை. அதுவும் முடிந்தால்தான் பதிவு, இலக்கத் தகடு. அதுவரைக்கும் அது ரோட்டுக்கு உரிய கார் இல்லை.

நேரம் எடுத்துவிட்டால் பதிவு செய்யாத காரைப் பரிசோதனைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று பெட்டியோடு வந்த கைநூலில் போட்டிருக்கிறது என்றீர்கள். ஓம், நானும் வாசித்தேன். அந்தக் கைநூல் அச்சடித்தது இங்கிலாந்தில். அங்கே உள்ள வழக்கத்தைத்தான் அது சொல்கிறது. உங்கள் தகனினியில் மறிக்கிற பொலிஸ்காரருக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டப் போகிறீர்களா?

ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவோம். எங்கள் கார்கோ கொம்பனியில் எத்தனையோ ட்ரெய்லர் நிற்கிறது. ஒன்று கேட்டு எடுக்கலாம். இதற்கு நீங்கள் ஓம் என்றால் அடுத்த ஞாயிறே வருகிறேன். ஓட்டிக்கொண்டுதான் போவேன் என்றால் நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஜெயரட்ணம்


தகனினி
11 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜெயரட்ணம் அவர்களுக்கு மணியம் எழுதிக்கொள்வது.

கடிதம் மருமகன் கையில் வந்து சேர்ந்தது. கொடுத்துவிட்டு, உங்கள் ரெண்டு பேர் வீட்டிலும் ஃபோன் இல்லையா என்று இங்கிலீஷில் கேட்டார். உங்க அப்பாவைப் போய்க் கேளுங்க என்று சொன்னேன். பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

சம்பந்தி, உங்கள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. கோபம் வந்தாலும் வரி கோணவில்லை. ஏர்போர்ட்டில் முப்பது பெட்டிக்கு முப்பது சீட்டு ஒட்டிப் பழகிய கை. எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்தும் சேர்ந்து கத்தும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காடியை, உங்கள் பேச்சில் காரை, யார் செய்தது? நாம் செய்தோம். அதன் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும். மலேசியாவில், ஈப்போ பஸ் பட்டறையில் பாதி வாழ்க்கை, இங்கே பென்ரோஸில் தண்ணீர் டாங்கி செய்கிற ஃபேக்டரியில் மீதி வாழ்க்கை. நான் செய்த பிரேக் பிடிக்கும். பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்போது அதை மூட்டை மாதிரி ட்ரெய்லரில் கட்டிக்கொண்டு போனால், ஓடத் தெரியாத காடி என்றுதானே பார்க்கிறவன் நினைப்பான்? மோட்டர்வே வேண்டாம். காலையிலேயே கிளம்பி கிரேட் சவுத் ரோட்டிலேயே மெதுவாகப் போய்விடலாம். நானும் ஒரு ஆளிடம் கேட்டேன். வண்டி பத்திரமாக இருந்து, நேராகப் போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றார்.

நேராக என்று அவர் சொன்னதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. முதலில் கோயிலுக்குப் போக வேண்டும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்காமல் நான் எந்த வண்டியையும் முதல் ஓட்டம் ஓட்டியதில்லை. அன்னம்மா சொல்கிறாள், போலீஸ்காரன் பிடித்தால் அவனுக்கும் விபூதி பூசிவிட்டு வாங்க என்று. அவளுக்கு எல்லாமே விளையாட்டு.

ஆனால் நான் விளையாடவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. ஏப்ரலில் எனக்கு எழுபத்தைந்து முடிகிறது. அன்றோடு லைசன்ஸும் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். வலது கண்ணில் நடுவில் ஒரு மங்கல் விழுந்திருக்கிறது. இப்போதைக்கு ஓட்டலாம், ஆனால் அடுத்த கையெழுத்தை நான் போடுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் பக்குவமாகச் சொல்லிவிட்டார். பரிசோதனை, பதிவு, தகடு என்று எல்லாம் முடிந்து வருவதற்குள் ஏப்ரல் போய்விடும். ஐந்து வருஷம் செய்த காடியை நான் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நிறத்துக்கும் இப்படித்தான் முரண்டு பிடித்தீர்கள். வெள்ளை நல்ல நிறம், மங்களமான நிறம் என்று நான் ஆசையாக வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்த அன்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பச்சை கிடைக்கவில்லையா என்று கேட்டீர்கள். அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

தங்கச்சி இராசமலரைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
மணியம்


மங்கரே
24 பெப்ரவரி 2025

மணியம் அண்ணைக்கு,

உங்கள் கண்ணைப் பற்றி வாசித்து உண்மையாகவே கவலைப்பட்டேன். அதற்கு ஆறுதலாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இருந்தேன். வேறு கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள்.

நேற்று விடிய நீங்கள் காரை வெளியே எடுத்துத் தெருமுனை டெயரிக் கடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினீர்களாம். மருமகள் மாலினி வேலைக்குப் போகிற வழியில் உங்களுக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள் கண்டிருக்கிறாள். என் வீட்டுக்கு வந்து அழுதாள். "மாமா, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு" என்றாள். நான் சொல்லி நீங்கள் கேட்கிற அழகு அவளுக்குத் தெரியாது.

நான் சும்மா இருக்கவில்லை. கேட்கக்கூடிய இடமெல்லாம் கேட்டேன். பரிசோதனைக்கு நேரே போவதென்றால் விடுவார்கள் என்று ஒருவர் சொன்னார், அதை எழுதித் தரச் சொன்னால் கதையை மாற்றினார். கவுண்டரில் இருந்த பிள்ளை, பதிவு இல்லாத கார் ரோட்டில் ஏறவே கூடாது என்றாள். கார் கட்டுகிற சங்கத்தில் ஒருவர், வியாபாரிகளின் தற்காலிகத் தகட்டை இரவல் வாங்கிப் போடலாம் என்றார், பிறகு அதுவும் சரியில்லை என்று அவரே சொன்னார். ஒரு கேள்விக்கு ஊர்ப்பட்ட பதில். இன்சூரன்ஸ்காரர் மட்டும் குழப்பம் இல்லாமல் சொன்னார். ரோட்டில் ஏதும் நடந்தால் தங்கள் பொறுப்பு இல்லையாம். டெயரி வாசலில் ஒரு பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோயில் வேறு போக வேண்டுமாம். நேரே போனால் விடுவார்கள் என்கிறவர்கூடக் கோயிலைச் சுற்றிப் போகலாம் என்று சொல்லவில்லை.

இதெல்லாம் சட்டம். சட்டம் மட்டும்தான் காரணம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்றுதான் விட்டிருந்தேன். இனி மறைக்கவில்லை.

2007இல் நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தோம். என் தம்பி பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவன், திரும்பி வந்துகொண்டிருந்தான். நான் மேல்மாடி ஜன்னலில் நின்றேன். எங்கள் வீட்டு ஒழுங்கை வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. முன்னால் இலக்கத் தகடு இல்லை. அவனை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது பின்னாலும் இல்லை என்று கண்டேன். நான் கீழே ஓடி வருவதற்குள் பாண் மட்டும் ரோட்டில் கிடந்தது.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, வானின் இலக்கம் என்ன என்றுதான். இலக்கம் இல்லை என்றேன். இலக்கம் இல்லாத வாகனத்தை எப்படித் தேடுவது என்றார்கள். அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் அதே கேள்வி, அதே பதில். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அம்மா சாகும்வரை என்னிடம் கேட்டா, "நீ வடிவாப் பார்த்தனியா, ஒரு இலக்கமாவது தெரியேல்லையா?" என்று.

அதனால்தான் அண்ணை பச்சை கேட்டேன். அதனால்தான் நான் சொல்லாமல் வெளிக்கிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்த வெள்ளைக் காரை கராஜ் வாசலுக்கு எடுத்து வந்து, ஏறுங்கள் ஒரு சுற்றுச் சுற்றுவோம் என்றபோது எனக்குக் கால் வரவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். உங்களில் பிழை இல்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்.

இது உங்கள் மருமகன் கீதனுக்கு முழுதாகத் தெரியாது. அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் தபாலில் போடுகிறேன்.

ஜெயரட்ணம்


தகனினி
28 பிப்ரவரி 2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அன்னம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், எனக்குச் சாயந்திரத்தில் எழுத்து சரியாகத் தெரிவதில்லை. பாதியில் அவளால் படிக்க முடியவில்லை. மீதியை நானே வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன்.

எனக்குத் தெரியாது, சம்பந்தி. ஐந்து வருஷம் ஒரே கராஜில் நின்றோம். ஸ்பேனர் கேட்டால் அளவு சொல்வதற்குள் எடுத்து நீட்டுவீர்கள். இதை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது.

நான் வாயாடி. அன்று கராஜில், சட்டம் படித்துக் காட்டாதீங்க என்று உங்களைக் கிண்டல் செய்தேன். சீட்டு ஒட்டுகிற கை என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காடியை உள்ளே தள்ளி, பேட்டரியைக் கழற்றி மாலினியிடம் கொடுத்துவிட்டேன். தகடு வரும்வரை அது ரோட்டைத் தொடாது. ட்ரெய்லரிலேயே போகட்டும். மூட்டை மாதிரி என்று சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பச்சைப் பெயிண்டும் அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். எந்தப் பச்சை என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் ஓட்டாவிட்டால் என்ன, காடி ஓடினால் போதும். இப்படி எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது. மனசு இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் மறைக்கவில்லை.

மணியம்


மங்கரே
12 மார்ச் 2025

அன்புள்ள மணியம் அண்ணைக்கு,

பெயிண்ட் அடிக்க வேண்டாம். நிறம் ஒரு குற்றமும் செய்யவில்லை. இராசமலர் சொன்னாள், "வெள்ளைக் காரெண்டால் ஒக்லாந்தில பாதிக் காரைக் கண்டு பயப்பிட வேணுமே" என்று. சரிதானே. தகடு இருந்தால் எனக்குப் போதும்.

பென்ரோஸில் ஏப்ரல் முதல் வாரம் நேரம் கிடைத்திருக்கிறது. ட்ரெய்லருக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் எழுதியது சரி. அது முடிந்து, அரசுப் பரிசோதனையும் முடிந்து, தகடு வர உங்கள் பிறந்தநாள் தாண்டிவிடும். எத்தனை பேரைக் கெஞ்சியும் அதற்கு முன்னம் நேரம் எடுக்க முடியவில்லை.

அதனால் வேறு ஒரு ஒழுங்கு செய்திருக்கிறேன். எங்கள் கொம்பனியின் பின்பக்கத்து யார்ட் உங்களுக்குத் தெரியும்தானே, லொறிகள் திரும்புகிற பெரிய இடம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஈ காக்கை இருக்காது. மனேஜரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் படலைப் பூட்டின் திறப்பைத் தந்தார். தனியார் நிலம், ரோடு இல்லை. ஒரு நிபந்தனை, படலையைப் பூட்டியே வைத்திருக்க வேண்டும். திறந்து கிடந்து கண்ட ஆட்களும் வந்து போகிற இடமானால் சட்டம் அதையும் ரோடு என்று சொல்லக்கூடும் என்கிறார்கள். பூட்டை நானே போடுகிறேன், நீங்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

23ஆம் திகதி ட்ரெய்லரோடு வருகிறேன். மாலினியிடம் பேட்டரியை வாங்கி வையுங்கள். எங்கள் வளவு மரத்தில் எலுமிச்சை காய்த்துக் கொட்டுகிறது. நாலு சக்கரத்துக்கும் கொண்டு வருகிறேன். ஐயர் இல்லை, தேவாரம் நான் படிக்கிறேன். குரல் சுமார்தான், சகித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள்தான் ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் ஏறி இருப்பேன். தகடு இல்லாமலே ஏறுவேன் என்று இப்போது எழுதிவிட்டேன். அன்றைக்குக் கால் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏதும் பகிடி விட வேண்டாம்.

ஜெயரட்ணம்


தகனினி
9 மே 2025

அன்புள்ள ஜெயரட்ணம் சம்பந்திக்கு,

நாம் இப்போது ஃபோனில் பேசிக்கொள்கிறோம்தான். நேற்றுகூட ரொம்ப நேரம் பேசினோம். ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. அன்னம்மா தடித்த பேனா ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். எழுத்து பெரிதாக இருந்தால் மன்னிக்கவும்.

யார்டைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை வாய் திறக்கவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் கதவருகே நின்றீர்கள், நின்றுகொண்டே இருந்தீர்கள். நான் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏறி பெல்ட் போட்டீர்கள். மூன்றாவது சுற்றில் "அண்ணை, கொஞ்சம் வேகமாப் போங்கோவன்" என்று சொன்னீர்கள். நான் எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன். எந்த வண்டியிலும் யாரும் எனக்கு அதைவிடச் சந்தோஷமான வார்த்தை சொன்னதில்லை.

பென்ரோஸில் பக்கக் கண்ணாடி ஒன்று இடம் தள்ளியிருக்கிறது, கை பிரேக் இன்னும் இழுக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். நான் செய்த பிரேக் பிடிக்கும் என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. அதனாலேயே எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மறுபடி ட்ரெய்லர், மறுபடி கட்டு. இரண்டாம் தடவை சரி என்றார்கள். அரசுப் பரிசோதனையும் திங்கட்கிழமை முடிந்தது.

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. எதிர்பார்த்ததுதான். லைசன்ஸ் அட்டையைத் தூக்கி எறிய மனசு வரவில்லை, பர்ஸிலேயே இருக்கிறது. இன்றைக்கு மாலினி தன் காடியை ஓட்டினாள், நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு பதிவு செய்யப் போனேன். அங்கேயே தகட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் மருமகன் ஸ்குரூடிரைவரோடு நின்றார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். "உங்க அப்பா வரட்டும்" என்று மட்டும் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இரண்டு தகடும் சமையலறை மேசையில் இருக்கின்றன. வந்து நீங்கள்தான் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு நீங்களே ஓட்டுங்கள். கிரேட் சவுத் ரோட்டில், பட்டப்பகலில், கோயில் வரைக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மணியம்


மங்கரே
12 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சனிக்கிழமை காலையில் வருகிறேன். கீதனையும் இராசமலரையும் கூட்டிக்கொண்டு வருவேன். வெள்ளைக் காரில் இரண்டு சீட்தான், கோயிலுக்கு அவர்கள் வேறு காரில் பின்னால் வரட்டும். உங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் மகனிடம் அவனுடைய சித்தப்பாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

தகட்டை வெளியில் எடுத்து வைக்க வேண்டாம், கீறுப்பட்டுவிடும். திருகாணி நான் கொண்டு வருகிறேன், துருப்பிடிக்காதது.

இலக்கம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பொறுக்க முடியாமல் மாலினியிடம் கேட்டு வாங்கினேன். மூன்று எழுத்து, மூன்று இலக்கம். கேட்டவுடனேயே பாடமாக்கிவிட்டேன். இனி யார் என்னை நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஜெயரட்ணம்